ஒற்றைக்கால் படத்துக்கு என்ன விலை?

"கம்ப்யூட்டர்லதானே வரையிறே? அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கேக்குறே?"

ஆவடிக்கும் பாடிக்கும் நடுவில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர் யாராவது இருந்தால் அவரைப் போய்ப் பார்த்து ஒரு கும்பிடு போடலாம் என்றிருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைக்கு மணமக்கள் படம் வேண்டும் என்று வந்தவர் கேட்டார். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள், பேனருக்குப் படம் வேண்டும் என்று வந்தவர் கேட்டார். என் சொந்தச் சித்தப்பா கேட்டார். அவர் ஆவடித் தொழிற்சாலையில் காலமெல்லாம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"மெஷின்தானே கடையுது, உங்களுக்கு எதுக்குச் சம்பளம்னு யாராவது உங்களைக் கேட்டாங்களா சித்தப்பா?" என்றேன்.

அதன் பிறகு ரொம்ப நாள் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

நானும் அந்தத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள்தான். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். படிப்பு முடித்து அம்பத்தூரில் மசாலா பாக்கெட்டுகளுக்கு டிசைன் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். மிளகாய்க்குப் பளபளப்பு ஏற்றி ஏற்றிக் கண் போனதுதான் மிச்சம். கல்யாணமாகி அயனம்பாக்கத்தில் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்த பிறகு வேலையை விட்டேன். பேனாவால் வரையும் சிலேட்டு மாதிரி ஒரு டேப்லெட்டைத் தவணையில் வாங்கி, வீட்டிலிருந்தே வரைய ஆரம்பித்தேன்.

படத்துக்கு விலை வைப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தேன். அதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன். மற்றவர்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருத்தர் காலுக்குக் கீழே இன்னொருத்தர் குழி வெட்டி எல்லோருமாகச் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தோம்.

என்னோடு மசாலா கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் பாடியில் சொந்தமாக டிசைன் வேலை செய்கிறார். அவருக்கு என் கோபமெல்லாம் வேடிக்கை. என்னை எப்போதும் கிண்டலாக 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா மேடம், வெல வெலன்னு மண்டைய ஒடச்சிக்கினு கீற? கொறச்சுக் குடு, நெறைய போவும். நான் பாரு, ஆயிரம் படம் ஏத்தி வுட்டுக்கீறேன். எவனோ எங்கேயோ எறக்கிக்கினே கீறான்."

அவர் ஏற்றி விட்டிருந்தது, விளம்பரக்காரர்கள் மாதச் சந்தா கட்டிப் படங்களை எடுத்துக்கொள்ளும் ஒரு இணையதளத்தில். ஒரு படத்துக்கு அவருக்குக் கிடைப்பது தெருமுனைக் கடையில் ஒரு டீக்குக்கூடக் காணாது. ஆனால் நிறைய என்கிறார். எனக்கு அந்தக் கணக்கு ஒத்து வரவில்லை. ஒரு படத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்துக் கூலி போட்டுப் பார்த்தால், எதிர்வீட்டில் சமைக்க வரும் அம்மா வாங்குவதைவிடக் குறைவாக நான் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கறாராகப் பேசி வாங்குகிறார். நான்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அப்போதுதான் அந்தப் படத்தை வரைந்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் ஒரு அக்கா இருக்கிறார். அயனம்பாக்கத்துக்காரர்; அவர் மாமனார் காலம் வரை ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறார். ஒரு சித்திரை மாதக் காலை, நானும் அவரும் ஒரே பஸ்ஸில் போனோம். பஸ்ஸில் ஒரு காலை ஊன்றத்தான் அவருக்கு இடம் கிடைத்தது. இன்னொரு காலை மடக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பக்கம் இன்ஜினின் அனல். ஜன்னல் வழியாக வெயில். முன்னால் நின்றவர் கையில் கொதிக்கக் கொதிக்கக் கட்டிய சாப்பாடு. பின்னால் ஒருவர் பையில் கேஸ் அடுப்பு பர்னர். இத்தனைக்கும் நடுவில் அக்கா, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு, அதில் எரிந்து விழுந்த சூப்பர்வைசரிடம் நிதானமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

மாங்காட்டு அம்மனைக் கும்பிட்டவர்களுக்கு வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து தீக்கு நடுவில் ஊசிமுனையில் ஒற்றைக்காலில் நின்றவள் அவள். நான் கிரீடம் வைக்கவில்லை, சூலம் கொடுக்கவில்லை. அடையாள அட்டை, டிபன் பை, சாதாரண நூல் புடவை. அக்காவிடம் கேட்டுத்தான் வரைந்தேன்.

"வரஞ்சிக்கோ. ஆனா பல்லு துருத்திக்கினு இருக்குற மாதிரி போட்டுடாத," என்றார்.

முடித்துக் காட்டியபோது டேப்லெட்டைக் கையில் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இது நான்தானா?" என்று கேட்டார். ஒரு பிரதி எடுத்து ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். டிவிக்கு மேலே மாட்டினார்.

அதை நிறையப் பேர் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. நேராக விற்க எனக்குத் தைரியம் இல்லை. அச்சு, பார்சல், திருப்பி அனுப்புகிறவர்களோடு சண்டை என்று எல்லாவற்றையும் நினைத்தால் மலைப்பாக இருந்தது. ஒரு வெளிநாட்டு இணையதளத்தைத் தேர்ந்தெடுத்தேன். படத்தை மட்டும் ஏற்றினால் போதும். பனியன், பை, கோப்பை, போன் கவர் என்று எதில் வேண்டுமானாலும் அச்சடித்து அவர்களே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பொருளின் விலை அவர்களுடையது. அதன் மேல் என் பங்கு எவ்வளவு என்பதை நானே வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்ததே அதுதான். என் விலையை நானே சொல்லலாம்.

அந்த சந்தோஷம் முதல் தள்ளுபடி வரைக்கும்தான். என்னைக் கேட்காமலே 'வார இறுதிச் சிறப்பு விலை' போட்டார்கள். குறைந்தது அவர்களுடைய பங்கு இல்லை, என்னுடையது. அடுத்து, குறைவாக விற்பவர்கள் கணக்கை வைத்திருக்கவே கட்டணம் என்றார்கள். அதையும் என் பங்கிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். மீதி ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் சேர்ந்தால்தான் கைக்கு வரும். சேர்ந்து வந்தபோது டாலரை மாற்றித் தருகிற இடத்தில் இன்னொரு கை நீண்டது. ஆளுக்கு ஒரு கடி கடித்துவிட்டு எலும்பை என் தட்டில் போட்டார்கள். நான் அதற்கும் நன்றி சொல்லிக்கொண்டு இன்னும் நாலு படம் ஏற்றினேன். படம் பரவுகிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

படம் பரவத்தான் செய்தது.

ஒரு மத்தியானம், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு நின்றபோது, அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னுடைய ஒற்றைக்கால் படம் இன்னொரு விற்பனையாளரின் உரிமையை மீறுகிறது என்று புகார் வந்திருக்கிறதாம். அதனால் படத்தை நீக்கிவிட்டார்களாம். மறுபடியும் இப்படி நடந்தால் என் கணக்கையே மூடிவிடுவார்களாம்.

முதலில் எனக்குப் புரியவேயில்லை. அந்த விற்பனையாளரின் பக்கத்தைத் திறந்தேன். என் படம். கீழே பஸ்ஸின் தரையில் நான் போட்டிருந்த கையெழுத்தை வெட்டியிருந்தான். படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தான், இயந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியக் கூடாது என்பதற்காக. அக்காவின் முந்தானை வலது தோளுக்குப் போயிருந்தது. டிரைவர் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸுக்குள் எழுதியிருந்த 'மகளிர்' கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிட, அதை மட்டும் கலங்கலாக்கி வைத்திருந்தான். விலை என்னுடையதில் பாதி. என்னுடையதைவிட அவனுடையது அதிகம் விற்றிருந்தது. அதனால்தான் முதலாளி அவனாகிவிட்டான், திருடி நானாகிவிட்டேன்.

குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. பருப்பு கரிந்த வாசனையில்தான் சுயநினைவு வந்தது.

பதில் எழுதினேன். முதல் கோட்டிலிருந்து கடைசி நிறம் வரை நான் வரைந்ததை டேப்லெட் பதிவுசெய்து வைத்திருந்தது. அந்த வீடியோவை அனுப்பினேன். அடுக்கடுக்காகப் பிரித்த மூலக் கோப்பை அனுப்பினேன். "எங்கள் ஊரில் எந்தப் பெண் வலது தோளில் முந்தானை போடுகிறாள், எந்த பஸ்ஸில் டிரைவர் இடப்பக்கம் உட்காருகிறார், கண் இருந்தால் பாருங்கள்" என்று எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தக் கோபத்தில் பாதி ஆவியாகிவிட்டது என்பது வேறு ஆத்திரம்.

'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே நன்றி. மூன்றாவது முறை ஒரே வரிதான் எழுதினேன்: எனக்குப் பொறுமை இல்லை. அதற்கும் அதே நன்றிதான் வந்தது. அந்தப் பக்கம் மனிதர்களே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பாடிக்காரரிடம் சொன்னேன்.

"வுடு மேடம். நாம கத்தி இன்னா ஆவப் போவுது? வேற படம் ஏத்து."

"உங்க வண்டியை ஒருத்தன் தள்ளிட்டுப் போனா, வேற வண்டி வாங்கிக்கோன்னு விட்டுடுவீங்களா?"

"வண்டிக்கு ஆர்சி புக்கு கீது. படத்துக்கு இன்னா கீது?"

எனக்கு அவர் மேல் வந்த கோபம் அந்தத் திருடன் மேல்கூட வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, போனுக்குக் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்று அக்கா என்னை ஆவடி மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஆள் ஒருத்தர் நிற்கும் அகலத்தில் ஒரு கடை. சுவர் முழுக்க போன் கவர்கள் தொங்கின. கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் கையைப் பிடித்தார்.

"ஏய், இன்னா இது? நானு!"

வரிசையாகத் தொங்கின. வலது தோளில் முந்தானையோடு, ஒற்றைக்காலில், ஏழெட்டு அக்காக்கள்.

"அண்ணாத்தே, அந்தக் கவர எடு."

"எந்த போனுக்கா?"

"போனு கெடக்குது. எடுன்றேன்."

எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைத் தன் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "யாரு இது?"

"யாரோ பொம்பளக்கா. நல்லாப் போவுது. எல்லா மாடலுக்கும் கீது."

"யாரோ பொம்பளையா? கண்ணத் தொறந்து பாரு!"

அவர் பார்த்தார். கவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்தவர்களும் பார்த்தார்கள். ஒரு பெண், "ஆமாக்கா, நீங்களேதான்!" என்று சிரித்தாள்.

"சிரிக்காத," என்றார் அக்கா. "முந்தானையக் கூட மாத்திப் போட்டுக்கீறான் பாவி. என்னிய யாரக் கேட்டு விக்கிறே நீ?"

"ஐயோ, நான் இன்னாக்கா பண்ணேன்? பாரிஸ் கார்னர்ல கட்டா வாங்கியாறேன். அதுல இன்னா படம் கீதோ அத்தத் தொங்க வுடறேன்."

நான் குறுக்கே வந்தேன். "இது நான் வரைஞ்ச படம். என்னைக் கேக்காம எடுத்து வித்துட்டாங்க."

கடைக்காரர் முகத்தில் உண்மையாகவே மரியாதை வந்தது. "நீ வரஞ்சதா? சூப்பரா கீதுமா." பிறகு, குரலைத் தாழ்த்தி, நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். "அப்போ நேரா நீயே சரக்கு குடேன். அவனவிடக் கம்மியாக் குடுப்பியா?"

அந்த மனிதரைத் திட்ட முடியவில்லை. வெளிநாட்டுத் தளமும், எங்கேயோ இருக்கும் திருடனும், பாரிமுனையில் மொத்தமாக அச்சடித்தவனும் என் கைக்கு எட்டவில்லை. எட்டின ஒரே ஆள் இவர். இவரும் என்னிடம் கேட்பது விலையைக் குறைக்கச் சொல்லித்தான்.

அக்கா கொக்கியிலிருந்த அத்தனையையும் உருவி மேசை மேல் போட்டார். "இத விக்காத. நான் அடுத்த வாரம் வந்து பாப்பேன்."

"சரிக்கா, எடுத்து உள்ள வச்சிடறேன்," என்றார். நாங்கள் திரும்பியதும் மறுபடி மாட்டுவார் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா கேட்டார். "ஆமா, நீ வித்தியே அந்தக் கவரு, ஒன்னுக்கு உன் கைக்கு எவ்ளோ வரும்?"

சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். கடைக்காரரைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

"அவ்ளோதானா? அதுக்கு நீ சும்மாவே குடுத்துட்டிருக்கலாமே. நான் அந்த பஸ்ல நின்ன நிலைக்கு இவ்ளோதானா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் எனக்குப் பட்டது.

மறுநாள் அந்தத் தளத்திலிருந்த என் எல்லாப் படங்களையும் எடுத்தேன். அதில் சேர்ந்திருந்த தொகை கைக்கு வரும் அளவைத் தொடவில்லை. அது அவர்களுக்கே போனது. பாடிக்காரர் கூப்பிட்டார். "இன்னா மேடம், கோவத்துல கடையவே மூடிக்கினியா?"

"ஆமா. மூடிக்கினேன்," என்றேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இந்த முறை மற்றவர்கள் என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்க்கவில்லை. என் நேரம், பல வருஷப் பழக்கம், டேப்லெட்டின் தவணை, மின்சாரம், நல்ல காகிதம், அச்சுக்கூலி எல்லாவற்றையும் போட்டு, அதன் மேல் நான் சாப்பிடவும் ஒரு பங்கு வைத்தேன். காகிதப் பிரதி என்றால் ஒரு விலை, நானே கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். கடையிலோ ஆபீசிலோ மாட்டினால் வேறு விலை. பொருளில் அச்சடித்து விற்க வேண்டும் என்றால் அதற்குத் தனி ஒப்பந்தம். இணையத்தில் என் பக்கத்தில் சின்ன அளவுப் படம் மட்டும், நடுவில் என் பெயரோடு. அது படத்தின் அழகைக் கெடுக்கிறது. கெடுக்கட்டும் என்று விட்டேன். ஒற்றைக்கால் படம் விற்கும்போதெல்லாம் அக்காவுக்கும் பங்கு உண்டு என்று அவரிடம் போய்ச் சொன்னேன். "மொதல்ல வித்துட்டு வா," என்றார்.

விற்கவில்லை. விலை கேட்டவர்கள் 'சொல்றோம்' என்று போனவர்கள்தான். "விலையைக் கொஞ்சம் இறக்கிப் பாரேன். ஏன் இப்படி ஒத்தக் கால்ல நிக்கிற?" என்றார் என் கணவர். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்து சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. வாடகைக்காக மறுபடியும் மசாலா பாக்கெட் வேலைகளை வாங்கிச் செய்தேன். ஒவ்வொரு மிளகாய்க்கும் பளபளப்பு ஏற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அதற்கும் புது விலைதான் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள்.

அந்தத் தளத்திலிருந்தும் ஒரு நாள் கடிதம் வந்தது. விசாரணை முடிந்ததாம், என் படத்தை மறுபடி ஏற்றிக்கொள்ளலாமாம். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. திருடனின் கடை வேறு பெயரில் திறந்தே இருந்தது. என் கணக்கையே அழித்தேன்.

மழைக்காலம் தொடங்கியபோது பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் உடற்பயிற்சி சிகிச்சை தரும் சின்ன கிளினிக் வைத்திருக்கிறாராம். நோயாளிகள் உட்காரும் இடத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக மாட்ட வேண்டுமாம்.

நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். "கிளினிக்ல மாட்டுறதுன்னா விலை வேறங்க," என்று ஆரம்பித்து, என்னென்ன சேர்த்தி என்று மளமளவென்று ஒப்பித்து, கடைசியில் தொகையைச் சொன்னேன். அடுத்து வரப்போகும் கேள்விக்கான பதிலை நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

"சரிங்க. எத்தனை வருஷம் மாட்டி வச்சுக்கலாம்?" என்றார் அவர்.

"என்னது?"

"இல்ல, காலக்கெடு ஏதாவது உண்டான்னு கேட்டேன். முன்பணம் இப்பவே அனுப்பிடவா?"

"கிளினிக் இருக்குற வரைக்கும் மாட்டிக்கோங்க," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

படத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரில் மாட்டியதும் அந்த அம்மா சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கணுக்கால் சரியா வரைஞ்சிருக்கீங்க. முழு எடையும் அதுல இறங்கியிருக்கு," என்றார். காபி கொடுத்தார். மீதிப் பணத்தை என் எதிரிலேயே அனுப்பினார். அவ்வளவுதான். பேரமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

பூந்தமல்லி பஸ் நிலையத்தில் வந்து உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமா இது? நான் ஒரு விலை சொல்ல, ஒருவர் சரி என்று சொல்ல, முடிந்துவிடுகிற ஒன்றா? அப்படியானால் இத்தனை வருஷம் நான் கூசிக் கூசி, பாதி விலையைக்கூட ஏதோ கடன் கேட்பதுபோலக் கேட்டதெல்லாம் எதற்கு? என் பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை. கொஞ்சம் ஆறிய பிறகு அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அங்கேயே உட்கார்ந்து, அக்காவின் பங்கை அவர் கணக்குக்கு அனுப்பினேன்.